ஐபீஸும் ஃபில்டரும்: புதிதாகத் தொலைநோக்கி வாங்கியவர்கள் கேட்கும் கேள்விகள்

மொட்டை மாடியிலும் பள்ளி மைதானத்திலும் வானம் பார்க்கக் கூடும் இரவுகளில், புதுத் தொலைநோக்கியோடு வருபவர்கள் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே ரகம். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். ஐபீஸ் என்பது கண் வைத்துப் பார்க்கும் முனையில் செருகும் சிறு லென்ஸ் குழல். ஃபில்டர் என்பது ஒளியில் ஒரு பகுதியைத் தடுக்கும் கண்ணாடி அல்லது தாள். உதாரணக் கணக்குகளுக்கு இரண்டு கருவிகளை எடுத்துக்கொள்கிறேன். ஒன்று 70 மி.மீ. விட்டமும் 700 மி.மீ. குவியத் தூரமும் உள்ள லென்ஸ் தொலைநோக்கி. மற்றது 130 மி.மீ. விட்டமும் 650 மி.மீ. குவியத் தூரமும் உள்ள ஆடித் தொலைநோக்கி. உங்களுடையது வேறு என்றால், குழாயின் மேல் அச்சிட்டிருக்கும் இரண்டு எண்களை வைத்துக் கணக்கை மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐபீஸின் மேல் 25, 10, 4 என்று எண்கள் இருக்கின்றன. பெரிய எண் நல்லதா, சின்ன எண் நல்லதா?

அந்த எண் ஐபீஸின் குவியத் தூரம், மில்லிமீட்டரில். தொலைநோக்கியின் குவியத் தூரத்தை அதனால் வகுத்தால் உருப்பெருக்கம் கிடைக்கும். 700-ஐ 25-ஆல் வகுத்தால் 28 மடங்கு, 10-ஆல் வகுத்தால் 70 மடங்கு. எண் சிறியதாக ஆக உருவம் பெரிதாகும். கூடவே பார்வையில் விழும் வானத்தின் பரப்பு சுருங்கும், உருவம் மங்கும், முக்காலியின் சிறு நடுக்கமும் பெரிதாகத் தெரியும்.

எதைப் பார்ப்பதானாலும் பெரிய எண்ணில் தொடங்குங்கள். பொருளைக் கண்டுபிடித்து, நடுவில் நிறுத்தி, தெளிவாக்கிய பிறகு சின்ன எண்ணுக்கு மாறுங்கள். எடுத்த எடுப்பில் 4 மி.மீ. ஐபீஸைச் செருகிவிட்டு "எல்லாம் இருட்டாக இருக்கிறது" என்று சொல்பவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

பெட்டியின் மேல் 525 மடங்கு என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். எனக்கு ஏன் அப்படித் தெரியவில்லை?

அந்த 525 வந்த வழி எளிது. 700-ஐ 4-ஆல் வகுத்து வந்த 175-ஐ, பெட்டியில் இருக்கும் மூன்று மடங்கு பார்லோ லென்ஸால் (ஐபீஸோடு சேர்த்து மாட்டினால் உருப்பெருக்கத்தைக் கூட்டும் துணை லென்ஸ்) பெருக்கியிருக்கிறார்கள். கணக்கு சரி, காட்சிதான் வராது. விட்டத்தின் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் இரண்டு மடங்கு என்பதே நடைமுறை உச்சம். 70 மி.மீ. கருவிக்கு 140, 130 மி.மீ. கருவிக்கு 260. இரண்டாவதிலும் நம் காற்று மண்டலம் பெரும்பாலான இரவுகளில் 150, 200-ஐத் தாண்ட விடாது.

காரணம் ஒளியின் இயல்பு. 70 மி.மீ. விட்டமுள்ள லென்ஸால் ஏறக்குறைய 1.7 வில்விநாடிக்கும் (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600-இல் ஒரு பங்கு) குறைந்த இடைவெளியில் இருக்கும் இரண்டு விண்மீன்களைப் பிரித்துக் காட்ட முடியாது. அதற்கு மேல் பெருக்குவது, நாளிதழில் அச்சான படத்தைப் பூதக்கண்ணாடியில் பார்ப்பதற்குச் சமம். புள்ளிகள் பெரிதாகும், முகம் தெளிவாகாது. உருப்பெருக்கத்தைப் பெட்டியின் மேல் விளம்பரமாக அச்சிடும் தொலைநோக்கியை வாங்காமல் இருப்பதே நல்லது. வாங்கிவிட்டீர்கள் என்றால் அந்த மூன்று மடங்கு பார்லோவை மட்டும் மறந்துவிடுங்கள்.

கூடவே வந்த ஐபீஸ்களைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வாங்க வேண்டுமா?

எல்லாவற்றையும் அல்ல. பக்கவாட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். "ஹெச்" என்றால் ஹைகன்ஸ் வகை, 17-ஆம் நூற்றாண்டு வடிவமைப்பு. "எஸ்.ஆர்." என்றால் ராம்ஸ்டன் வகை, அதுவும் 18-ஆம் நூற்றாண்டுச் சரக்கு. இரண்டும் அந்தக் காலத்து நீளமான குழாய்களுக்குப் பொருந்தியவை. இன்றைய குட்டையான தொலைநோக்கியில் பார்வைப் புலம் குறுகி, ஓரமெல்லாம் கலங்கித் தெரியும். "கே" என்றால் கெல்னர், 1849-இல் வந்தது. 20, 25 மி.மீ. அளவில் கெல்னர் தாராளமாகப் போதும்.

என் அனுபவத்தில் கூட வரும் 25 மி.மீ. பெரும்பாலும் பிழைத்துவிடும், 10 மி.மீ. சுமார், 4 மி.மீ. உதவாது. "நேராகக் காட்டும்" 20 மி.மீ. ஐபீஸ் சில பெட்டிகளில் வருகிறது. அது மலையையும் கோபுரத்தையும் பார்க்க உதவும், வானத்துக்கு வேண்டாம். நிலவு தலைகீழாகத் தெரிவதால் யாருக்கும் நஷ்டமில்லை.

ஒரே ஒரு ஐபீஸ்தான் வாங்க முடியும். எதை வாங்கட்டும்?

உங்களிடம் உருப்படியான 25 மி.மீ. இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், அடுத்தது கோள்களுக்கானது. 130/650 கருவிக்கு 6 மி.மீ. வாங்குங்கள். 108 மடங்கு கிடைக்கும். வியாழனின் பட்டைகள், சனியின் வளையம், நிலவின் பள்ளங்கள் எல்லாவற்றுக்கும் பெரும்பாலான இரவுகளில் காற்று அதை அனுமதிக்கும். 66 பாகைப் புலம் (கண் வைத்தால் தெரியும் வட்டத்தின் அகலம்) கொண்ட, குழலில் தங்க நிறக் கோடு போட்ட சீன ஐபீஸ்கள் பல பெயர்களில் விற்கின்றன. அவற்றில் 6, 9 மி.மீ. இரண்டும் விலைக்கு மீறிய தரம். அதே வரிசையின் 15, 20 மி.மீ. இரண்டும் குட்டைக் குழாயில் ஓரத்தைக் கெடுக்கும், அவற்றை எடுக்காதீர்கள்.

70/700 கருவிக்கு அதே வரிசையின் 9 மி.மீ. போதும், 78 மடங்கு. இன்னும் ஏற வேண்டும் என்ற ஆசை பின்னால் வந்தால் அப்போது 6 மி.மீ. பற்றி யோசிக்கலாம்.

பெரிய எண்ணில் நிறைய வானம் தெரியும் என்றால் 40 மி.மீ. வாங்கினால் 32-ஐ விட அதிகம் தெரியுமா?

தெரியாது. இது பலரைக் கவிழ்க்கும் இடம். ஐபீஸ் குழலின் விட்டம் 1.25 அங்குலம், அதாவது 31.7 மி.மீ. அந்தக் குழலின் வாயே ஓர் எல்லை. 32 மி.மீ. பிளாசல் வகை ஐபீஸில் அந்த வாய் முழுதும் பயன்பட்டுவிடுகிறது. 40 மி.மீ.-இல் உருவம் சிறுக்கும், ஆனால் தெரியும் வானத்தின் பரப்பு ஏறாது. ஒரு நீண்ட குழாய் வழியாகப் பார்ப்பதுபோன்ற குறுகிய வட்டம்தான் மிஞ்சும்.

கணக்கு வேண்டுமென்றால், ஐபீஸின் தோற்றப் புலத்தை, அதாவது அதற்குச் சொல்லப்படும் பாகை அளவை, உருப்பெருக்கத்தால் வகுத்தால் ஏறக்குறைய உண்மைப் புலம், அதாவது தெரியும் வானத்தின் அகலம், வரும். 70/700-இல் 32 மி.மீ. பிளாசல் 22 மடங்கு தரும். 52 பாகையை 22-ஆல் வகுத்தால் 2.4 பாகை. முழு நிலவு அரைப் பாகை அகலம், கார்த்திகைக் கூட்டம் ஏறக்குறைய இரண்டு பாகை. ஆகக் கார்த்திகை முழுதும் ஒரே பார்வையில் அடங்கும்.

பிளாசல், ஆர்த்தோ, அகலப்புலம்... எதற்கு எது?

பிளாசல் என்பது வியன்னாவின் கருவி நிபுணர் கியோர்க் சைமன் பிளாசல் 1860-இல் தந்த வடிவமைப்பு. நான்கு லென்ஸ்கள், சுமார் 50 பாகைப் புலம். 15 மி.மீ.-க்கு மேல் இன்றும் பணத்துக்கு நிகரான வாங்கல் அதுதான். ஆர்த்தோஸ்கோபிக் என்பது எர்ன்ஸ்ட் அப்பே 1880-இல் வடிவமைத்தது. புலம் குறுகல், கோள்களில் கூர்மை அபாரம், கண்ணை ஒட்டிவைத்துப் பார்க்க வேண்டும். 1980 வாக்கில் ஆல் நாக்லர் 82 பாகைப் புலமுள்ள ஐபீஸைக் கொண்டுவந்த பிறகு அகலப்புலம் என்பது தனிச் சந்தை ஆகிவிட்டது.

அந்த 82 பாகை ஐபீஸ்களில் உயர்தரமான ஒன்றின் விலை உங்கள் தொலைநோக்கியின் விலையைத் தாண்டலாம். முதல் வருடத்தில் அதற்கு அவசியமில்லை.

நான் மூக்குக்கண்ணாடி போடுகிறேன். கழற்றிவிட்டுப் பார்க்கலாமா?

கிட்டப்பார்வை, தூரப்பார்வை மட்டும் என்றால் கழற்றிவிடுங்கள். ஃபோகஸ் திருகு அதைச் சரிசெய்துவிடும். உங்களுக்குப் பின் பார்ப்பவர் அதை மறுபடி திருக வேண்டியிருக்கும், அவ்வளவே. மருந்துச் சீட்டில் "சிலிண்டர்" என்று ஓர் எண் இருந்தால் அது வேறு கதை. அந்தக் குறையைத் திருகால் ஈடுகட்ட முடியாது. குறைந்த உருப்பெருக்கத்தில் விண்மீன்கள் கோடாக இழுபடும். உருப்பெருக்கம் ஏற ஏற, கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றை மெலிவதால் அந்தக் குறை தானே மறைந்துபோகும்.

கண்ணாடியோடுதான் பார்க்க வேண்டும் என்றால் "கண் இடைவெளி" என்ற அளவைப் பாருங்கள். புலம் முழுதும் தெரியக் கண் லென்ஸிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கலாம் என்பது அது. கண்ணாடி அணிபவருக்கு 15 முதல் 20 மி.மீ. வேண்டும். பிளாசலில் இது குவியத் தூரத்தில் முக்கால் பங்குக்குச் சற்று முன்பின்னாக இருக்கும். 25 மி.மீ. பிளாசலில் சிரமமில்லை, 10-இல் இமை உரசும், 4-இல் கண்ணாடி இல்லாதவருக்கே பாடுதான். நான்காம் கேள்வியில் சொன்ன 66 பாகை 6, 9 மி.மீ. ஐபீஸ்களில் இது சுமார் 15 மி.மீ., அவற்றைப் பரிந்துரைப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

பார்லோ வாங்கினால் ஐபீஸ்கள் இரட்டிப்பாகிவிடும் என்கிறார்களே?

இரண்டு மடங்கு பார்லோ என்றால் உண்மைதான். ஆங்கிலேயர் பீட்டர் பார்லோவின் பெயர் கொண்ட இந்த லென்ஸ் கிட்டத்தட்ட இருநூறு வருடப் பழமை. 25 மி.மீ. ஐபீஸ் 12.5 ஆகும், 10 மி.மீ. 5 ஆகும். கண் இடைவெளி குறையாது என்பது கூடுதல் லாபம். ஐபீஸ் வாங்கும்போது மட்டும் கவனம் வேண்டும். 25-உம் பார்லோவும் இருக்கும்போது 12 மி.மீ. ஐபீஸ் வாங்கினால் ஒன்றையே இரண்டு முறை வாங்கியதாகும்.

இரண்டு எச்சரிக்கைகள். பிளாஸ்டிக் லென்ஸ் வைத்த பார்லோ நல்ல ஐபீஸையும் கெடுத்துவிடும். அடுத்து, 114/1000, 127/1000 என்று எழுதியிருந்தும் குழாய் அரை மீட்டர்தான் இருக்கிறது என்றால், ஐபீஸைச் செருகும் ஃபோகஸருக்குள் ஏற்கெனவே ஒரு லென்ஸ் உட்கார்ந்து குவியத் தூரத்தை நீட்டுகிறது என்று பொருள். அதன் மேல் இன்னொரு பார்லோ போட்டால் கலங்கல்தான் மிச்சம். அந்த வகைக் கருவிக்கு 100 மடங்கு வரை போதும் என்று இருந்துவிடுங்கள்.

8-24 ஜூம் ஐபீஸ் ஒன்று வாங்கினால் கதை முடிந்ததா?

பள்ளி நிகழ்ச்சியில் நூறு பிள்ளைகளுக்கு நிலவு காட்டுபவருக்கு அதைவிட வசதி இல்லை. ஆனால் 24 மி.மீ. முனையில் புலம் 40 பாகைக்குச் சுருங்கிவிடும், அகலம் மிக வேண்டிய இடத்தில்தான் அது குறைகிறது. ஜூமோடு ஒரு 32 மி.மீ. பிளாசலும் இருந்தால் 70/700 கருவிக்கு வேறு எதுவும் அவசியமில்லை. மலிவான 7-21 ஜூம்கள் என்னைத் திருப்திப்படுத்தியதில்லை.

வாங்கிய ஐபீஸ் என் தொலைநோக்கியில் நுழையவே இல்லை. ஏமாற்றிவிட்டார்களா?

ஏமாற்றவில்லை. பழைய கருவிகளிலும் சில மலிவான கருவிகளிலும் ஃபோகஸர் 0.965 அங்குலம், அதாவது 24.5 மி.மீ. இன்றைய ஐபீஸ்கள் 1.25 அங்குலம். இடையில் மாட்ட ஓர் இணைப்பு வளையம் கிடைக்கிறது, ஆனால் சில கருவிகளில் அதைப் போட்டால் ஃபோகஸ் எட்டாது. வாங்குவதற்கு முன் ஃபோகஸரின் வாயை ஓர் அளவுகோலால் அளந்துவிடுங்கள்.

போன வாரம் 6 மி.மீ.-இல் வியாழன் அருமையாக இருந்தது. இன்று தண்ணீருக்குள் கிடப்பதுபோல் ஆடுகிறது. ஐபீஸ் கெட்டுவிட்டதா?

ஐபீஸ் அப்படி ஒரு வாரத்தில் கெடாது. ஆடுவது காற்று. நம் ஊரில் காங்கிரீட் மாடி பகல் முழுதும் வெயிலைக் குடித்துவிட்டு முன்னிரவெல்லாம் வெப்பத்தைக் கக்குகிறது. அந்தக் காற்றின் வழியாகத்தான் நீங்கள் பார்க்கிறீர்கள். குளிர்சாதன இயந்திரத்தின் வெளிப்பெட்டி பக்கத்தில் இருந்தால் இன்னும் மோசம். மண் தரை, புல் தரை நல்லது. மாடிதான் வழி என்றால் பின்னிரவில் முயலுங்கள். கோள் உச்சிக்கு ஏறும்வரை காத்திருப்பதும் பலன் தரும். தமிழகம், ஈழம் இரண்டின் அட்சரேகையிலும் கோள்கள் நன்றாக மேலே ஏறுகின்றன, இது ஐரோப்பியர்களுக்குக் கிடைக்காத வசதி.

அறையிலிருந்து எடுத்துவந்த கருவியை, குறிப்பாக ஆடித் தொலைநோக்கியை, அரை மணி நேரமாவது வெளிக்காற்றில் வையுங்கள். ஆடுவது நிற்கவில்லை என்றால் 10 மி.மீ.-க்கு இறங்குங்கள். சிறியதாக இருந்தாலும் நிலையாக நிற்கும் வியாழனில்தான் பட்டைகள் தெரியும்.

சனியின் வளையம் படத்தில் இருப்பதுபோல் விரிந்து தெரியவில்லை, மெல்லிசாக இருக்கிறது. இன்னும் சின்ன ஐபீஸ் வேண்டுமா?

வேண்டாம். 2025 மார்ச்சில் பூமி சனியின் வளையத் தளத்தைக் கடந்தது. அப்போது வளையம் விளிம்பாகத் திரும்பி நின்றது. அதன் பிறகு ஆண்டுக்கு ஆண்டு விரிந்துகொண்டே போய் 2032 வாக்கில் முழு அகலம் காட்டும். விரிந்திருக்கும் காலத்தில் 28 மடங்கிலேயே, அதாவது உங்கள் 25 மி.மீ. ஐபீஸிலேயே, வளையம் தனியாகத் தெரியும். வளையத்தின் நடுவே உள்ள காசினி இடைவெளிக்குத்தான் நூறு மடங்குக்கு மேலும், அசையாத காற்றும் வேண்டும்.

என் பெட்டியில் ஐபீஸின் அடியில் திருகும் கறுப்பு சூரிய ஃபில்டர் ஒன்று இருக்கிறது. அதைப் போட்டு சூரியனைப் பார்க்கலாமா?

பார்க்கக் கூடாது. சுத்தியலால் உடைத்துக் குப்பையில் போடுங்கள். யாருக்கும் கொடுக்காதீர்கள். தொலைநோக்கி திரட்டிய வெயில் முழுதும் குவியும் இடத்துக்குப் பக்கத்தில் அந்தச் சிறு கண்ணாடி இருக்கிறது. சூடேறி விரிசல் விடும் அந்தக் கணத்தில் உங்கள் கண் ஐபீஸில் இருக்கும். இமைக்க நேரம் கிடைக்காது. விழித்திரையில் வலி உணரும் நரம்பு இல்லை என்பதால், பார்வை போனது பிறகுதான் தெரியவரும்.

சூரியனுக்கான ஃபில்டர் குழாயின் முன்வாயில், ஒளி உள்ளே நுழையும் முன்பே, முழுதாக மூடியிருக்க வேண்டும். பாடர் நிறுவனத்தின் சூரியத் தாள் போன்றவற்றில் "அடர்த்தி 5.0" என்று குறித்திருப்பார்கள். லட்சத்தில் ஒரு பங்கு ஒளிதான் உள்ளே போகும் என்று அர்த்தம். 3.8 அடர்த்தி படம் எடுக்க மட்டும், கண்ணுக்கு அல்ல. ஒவ்வொரு முறையும் வெளிச்சத்தில் பிடித்து ஊசித்துளை இருக்கிறதா என்று பாருங்கள், காற்றில் கழன்று விழாதபடி டேப் ஒட்டுங்கள், குழாயின் மேல் இருக்கும் குறிபார்க்கும் சிறு தொலைநோக்கியான ஃபைண்டரின் மூடியைக் கழற்றவே கழற்றாதீர்கள். கிரகணக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஐபீஸில் கண் வைப்பதும் எக்ஸ்ரே தாளை வெட்டி ஒட்டுவதும் அதே விபத்தின் வேறு வடிவங்கள்.

2019 டிசம்பர் 26-இல் கோவை, கரூர், திண்டுக்கல் பக்கம் கங்கணக் கிரகணம் தெரிந்தது. அடுத்து 2031 மே 21-இல் தென்னிந்தியாவுக்கும் இலங்கைக்கும் இன்னொன்று வருகிறது. அதற்கு முன் சூரியப் புள்ளிகளைப் பார்க்கவே ஒரு தாள் வாங்கலாம். ஃபில்டர் என்ற பெயரில் முதலில் செலவழிக்க வேண்டியது இதற்குத்தான்.

நிலவு கண்ணைக் கூசுகிறது. கெடுதலா? மூன் ஃபில்டர் அவசியமா?

கெடுதல் இல்லை. கூச்சம் மட்டுமே. 70 மி.மீ. கருவிக்கு மூன் ஃபில்டர் தேவையே இல்லை. உருப்பெருக்கத்தை ஏற்றினாலே வெளிச்சம் குறைந்துவிடும். மாடி விளக்கைப் போட்டுக்கொண்டு பார்த்தால் கூச்சம் இன்னும் தணியும், நிலவுக்கு இருட்டு வேண்டியதில்லை. 8 அங்குல டாப்சோனியன் (தரையில் சுழலும் பீடத்தில் நிற்கும் ஆடித் தொலைநோக்கி) வைத்திருப்பவருக்கு ஒரு ஃபில்டர் சௌகரியம், அதிலும் திருகித் திருகி வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் போலராய்டு வகை.

பல தொலைநோக்கிகளின் முன்மூடியில் இன்னொரு சின்ன மூடி இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அதை மட்டும் திறந்தால் வெளிச்சம் குறையும், ஆனால் விட்டமும் குறைவதால் நுணுக்கமும் போய்விடும். பௌர்ணமியைவிட அஷ்டமி நாள் நிலவு பார்க்கச் சிறந்தது. ஒளியும் இருளும் சந்திக்கும் கோட்டில்தான் மலைகளின் நிழல் நீளும்.

வண்ண ஃபில்டர் செட் மலிவாகக் கிடைக்கிறது. வாங்கலாமா?

வாங்க வேண்டாம் என்பதே என் பதில். இந்த ஃபில்டர்களுக்கு நிறத்தைக் குறிக்கும் ராட்டன் எண்கள் உண்டு. 80ஏ இளநீலம், 8 இளமஞ்சள், 21 ஆரஞ்சு, 25 சிவப்பு, 47 ஊதா. அவை புதிய ஒளி எதையும் சேர்ப்பதில்லை, இருப்பதில் ஒரு பகுதியைத் தடுக்கின்றன. 25-ஆம் எண் சிவப்பு ஏழில் ஒரு பங்கைத்தான் விடும், 47-ஆம் எண் ஊதா நூறில் மூன்று அளவு. 70 மி.மீ. திரட்டும் கொஞ்ச ஒளியில் இப்படிக் கழித்தால் மிஞ்சுவது நிறம் பூசிய மங்கல்.

130 மி.மீ.-க்கு மேல் என்றால் வியாழனின் பட்டைகளுக்கு 80ஏ, செவ்வாயின் கருந்திட்டுகளுக்கு 21 சிறிது உதவும். செவ்வாய்க்கு ஃபில்டரைவிட நேரம் முக்கியம். 26 மாதத்துக்கு ஒரு முறைதான் அது நெருங்கிவருகிறது. 2027 பிப்ரவரியில் வரும்போது அதன் தட்டு 14 வில்விநாடியைத் தொடாது, 2035 செப்டம்பரில் கிட்டத்தட்ட 25.

வியாழனைச் சுற்றி ஊதா நிற ஓரம் தெரிகிறது. ஃபில்டர் போட்டால் போகுமா?

லென்ஸ் தொலைநோக்கியின் பிறவிக்குணம் அது. எல்லா நிறங்களையும் ஒரே புள்ளியில் குவிக்க இரண்டு லென்ஸால் முடிவதில்லை. 70/700-இல் லேசாக இருக்கும், 80/400 போன்ற குட்டைக் குழாயில் பட்டவர்த்தனமாகத் தெரியும். இதற்கென்றே விலை உயர்ந்த ஃபில்டர்கள் உண்டு. முந்தைய பதிலில் நான் நிராகரித்த செட்டிலுள்ள 8-ஆம் எண் இளமஞ்சள் அந்த வேலையில் பாதியைச் செய்துவிடும். அது ஒன்றைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். ஆடித் தொலைநோக்கிக்கு இந்தத் தொல்லை இல்லை.

சென்னை மாதிரி ஊரில் இருக்கிறேன். ஒளிமாசு ஃபில்டர் போட்டால் கேலக்ஸி தெரியுமா?

தெரியாது. அந்த ஃபில்டர்கள் பிறந்தது சோடியம், பாதரச விளக்குகளின் காலத்தில். அந்த விளக்குகளின் ஒளி குறிப்பிட்ட சில அலைநீளங்களில் திரண்டிருக்கும், அவற்றைத் தடுத்தால் வானம் கொஞ்சம் கறுக்கும். இந்தியாவில் 2015-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தில் தெருவிளக்குகள் எல்.இ.டி.-க்கு மாறின. எல்.இ.டி.-யின் ஒளி எல்லா நிறங்களிலும் பரவிக் கிடக்கிறது. கேலக்ஸியின் ஒளியும், அது விண்மீன்களின் ஒளியே என்பதால், அப்படித்தான். இரண்டையும் பிரிக்க எந்தக் கண்ணாடியாலும் முடியாது.

ஆன்ட்ரோமெடா கேலக்ஸிக்காகச் செலவழிக்க நினைத்த பணத்தை ஏலகிரிக்கோ ஜவ்வாது மலைக்கோ போய்வர வைத்துக்கொள்ளுங்கள். காவலூர் வான் ஆய்வகத்தை ஜவ்வாது மலையில் கட்டியது இருட்டுக்காகத்தான்.

அப்படியானால் யு.ஹெச்.சி., ஓ-3 என்பதெல்லாமும் ஏமாற்றா?

இல்லை, இந்த இரண்டு ஃபில்டர்களும் உண்மையாகவே வேலை செய்பவை. ஆனால் ஒரே ஒரு வகைப் பொருளுக்கு: தானே ஒளிரும் வாயு நெபுலாக்களுக்கு. அவற்றின் ஒளி சில மெல்லிய கோடுகளில் மட்டும் வருகிறது. ஆக்சிஜனின் இரண்டு கோடுகள் 495.9, 500.7 நானோமீட்டரில், ஹைட்ரஜனின் பீட்டா கோடு 486.1-இல். ஓ-3 ஆக்சிஜன் கோடுகளை மட்டும் விடும், யு.ஹெச்.சி. மூன்றையும் விடும். மற்றதெல்லாம் அடைபடுவதால் வானம் கறுத்து நெபுலா எழுந்து நிற்கும். எல்.இ.டி. ஒளியிலும் பெரும்பகுதி அடைபடுவதால் நகரத்தில்கூட ஓரளவு பயன் உண்டு. விண்மீன் கூட்டங்களுக்கும் கேலக்ஸிகளுக்கும் பயனில்லை, முந்தைய பதிலில் சொன்ன அதே காரணம்.

சிறு கருவிக்கு யு.ஹெச்.சி.-தான் முதலில். ஓ-3 இன்னும் இருட்டாக்கும், அதை 8 அங்குலத்துக்கு மேல் வைத்துக்கொள்ளலாம். தெற்கில் வாழ்வதன் லாபம் இங்கே தெரிகிறது. ஜூலை, ஆகஸ்ட் முன்னிரவில் தனுசிலுள்ள லகூன் நெபுலா மதுரையில் 55 பாகை உயரம் ஏறும், லண்டனில் 14 பாகைதான். ஏப்ரல் நடுவில் இரவு ஒன்பது மணி வாக்கில் ஈட்டா கரீனா நெபுலா மதுரையில் தென்வானில் 20 பாகை உயரத்தில் நிற்கும். லண்டன்காரருக்கு அது அடிவானத்துக்கு மேல் வருவதே இல்லை. தெற்கே மறைப்பில்லாத ஓர் இடத்திலிருந்து யு.ஹெச்.சி. போட்டு அதைப் பாருங்கள். ஓரியன் நெபுலாவை எல்லாரும் புகழ்கிறார்கள், எனக்கு இது ஒரு படி மேல்.

ஃபில்டர் போட்டாலும் நெபுலா சாம்பலாகத்தான் இருக்கிறது. படங்களில் வரும் சிவப்பு எங்கே?

மங்கலான ஒளியில் வேலை செய்யும் விழித்திரை செல்களுக்கு நிறம் தெரியாது. இருட்டுக்குப் பழகிய கண் 507 நானோமீட்டர் பக்கம்தான் அதிகக் கூர்மை, ஆழ்சிவப்பு அதற்கு எட்டவே எட்டாது. ஆக்சிஜன் கோடுகள் அந்த உச்சத்துக்குப் பக்கத்தில் இருப்பதால் பெரிய கருவியில் ஓரியன் நெபுலா இளம்பச்சையாகத் தோன்றலாம். சிவப்பு கேமராவுக்கு மட்டும்.

எந்தப் பொருளுக்கு எந்த ஐபீஸ் என்று தீர்மானிக்க ஏதாவது கணக்கு உண்டா?

உண்டு. குவியத் தூரத்தை விட்டத்தால் வகுத்தால் கருவியின் எஃப் எண் வரும். 70/700-க்கு 10, 130/650-க்கு 5. ஐபீஸின் எண்ணை இந்த எஃப் எண்ணால் வகுத்தால், கண்ணுக்குள் நுழையும் ஒளிக்கற்றையின் விட்டம் மில்லிமீட்டரில் கிடைக்கும். 130/650-இல் 25 மி.மீ. ஐபீஸ் 5 மி.மீ. கற்றை தரும், 10 மி.மீ. ஐபீஸ் 2 மி.மீ., 6 மி.மீ. ஐபீஸ் 1.2.

யு.ஹெச்.சி. ஃபில்டரோடு நெபுலா பார்க்க 3 முதல் 5 மி.மீ. கற்றை நல்லது, ஃபில்டர் தின்னும் ஒளிக்கு ஈடு. கேலக்ஸிக்கும் கோளக் கொத்துக்கும் (உருண்டையாகத் திரண்ட விண்மீன் கூட்டம்) 2 மி.மீ. அளவு பொருந்தும், வானம் கறுத்துப் பொருள் மேலெழும். கோள்களுக்கு 1 மி.மீ.-ஐ ஒட்டி. அரை மி.மீ.-க்குக் கீழே இறங்கினால் உங்கள் கண்ணுக்குள் மிதக்கும் தூசு நிழல்கள்தான் தெரியும். மேல் எல்லை உங்கள் கண்மணியின் விரிவு. இளைஞர்களுக்கு 7 மி.மீ. வரை, ஐம்பதைத் தாண்டியவர்களுக்கு 5 இருந்தாலே பெரிது. அதைத் தாண்டிய கற்றை கண்ணுக்குள் போகாமல் வீணாகும்.

புலத்தின் ஓரத்தில் விண்மீன்கள் வால் முளைத்துத் தெரிகின்றன. ஐபீஸைத் திருப்பிக் கொடுக்கட்டுமா?

முதலில் நடுவில் ஒரு விண்மீனை வைத்துப் பாருங்கள். நடுவிலேயே வால் இருந்தால் ஆடிகள் நேர்கோட்டில் இல்லை, அவற்றைச் சீரமைக்க வேண்டும். ஐபீஸுக்கு அதில் பங்கில்லை. நடுவில் புள்ளியாகவும், ஓரத்தில் வெளிப்பக்கம் நீளும் வால் நட்சத்திர வடிவமாகவும் இருந்தால் அது குட்டைக் குழாயின் வளைந்த ஆடி செய்யும் வேலை, எஃப் 5 கருவியில் எந்த ஐபீஸ் போட்டாலும் கொஞ்சம் இருக்கும். ஓரத்தில் சிறகு விரித்த பறவைபோல் தெரிந்தால் மட்டும் ஐபீஸின் குறை.

அதே ஐபீஸை எஃப் 10 கருவியில் போட்டுப் பாருங்கள், குறை பாதிக்கு மேல் மறையும். அதனால்தான் 70/700 வைத்திருப்பவருக்கு மலிவு ஐபீஸ் ஒத்துப்போகிறது, 130/650 வைத்திருப்பவர் சற்று அதிகம் செலவழிக்க நேர்கிறது.

ஐபீஸை எப்படித் துடைப்பது? உள்ளே வெள்ளையாக நூல் நூலாக ஏதோ படர்ந்திருக்கிறது.

தூசியைத் துடைக்காதீர்கள், ஊதுகுமிழால் ஊதுங்கள். நாலு தூசு இருப்பதால் காட்சி கெடாது, சட்டை நுனியால் தேய்ப்பதால் மேற்பூச்சு கெடும். இமை பட்ட எண்ணெய்க் கறை என்றால் லென்ஸ் திரவத்தைப் பஞ்சில் நனைத்து, அழுத்தாமல், நடுவிலிருந்து வெளியே ஒரு சுற்று போதும். திரவத்தை லென்ஸின் மேல் நேராக ஊற்றினால் இடுக்கு வழியே உள்ளே போய்விடும்.

நூலாகப் படர்ந்திருப்பது பூஞ்சை. கடலோர ஊர்களில் இது சகஜம். உள்ளே போன பூஞ்சையைப் பிரித்துத்தான் துடைக்க வேண்டும், மலிவு ஐபீஸுக்கு அந்தச் செலவு கட்டாது. மற்ற ஐபீஸ்களிலிருந்து அதைத் தனியே எடுத்து வையுங்கள். இனி வராமலிருக்க, பனி படிந்த ஐபீஸை உடனே மூடி வைக்காமல் மின்விசிறிக் காற்றில் உலர்த்துங்கள். பிறகு காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு போடுங்கள். நீல மணிகள் வெளுத்து இளஞ்சிவப்பானால் வாணலியில் லேசாகச் சூடாக்கினால் மறுபடி நீலமாகும். அந்த வாணலியைச் சமையலுக்குத் திருப்பிக் கொடுக்காதீர்கள், நீல நிறத்துக்குக் காரணம் கோபால்ட் உப்பு.